ஆள் வச்ச லைட்

பனியில் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்துபோனால், அவர் பின்னாலேயே போவதா, வண்டியை நிறுத்திவிடுவதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் மோட்டார் சைக்கிளின் முன்பக்கம், ஹெட்லைட்டுக்குக் கீழே, இரண்டு மஞ்சள் லைட்டுகள் பூட்டியிருக்கின்றன. போன கிழமை, பதுளைக்குப் போகும் வழியில், ஹாலிஎலச் சந்தியில் பொலிஸார் என் கணவரை மறித்து, கம்பனி பூட்டி அனுப்பியதைத் தவிர மற்ற லைட்டுகளைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். அடுத்த தடவை பார்க்கும்போது இருக்கக்கூடாது என்றும் சொன்னார்களாம். அந்த வண்டியில்தான் தினமும் காலையில் எங்கள் மகள் குட்டி ஹெல்மட் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் டேங்கின் மேல் உட்கார்ந்து நர்சரிக்கு வருகிறாள். நான் பின்னால் உட்கார்ந்து என் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். எங்களை இறக்கிவிட்டு அவர் பதுளையில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறார்.

லைட்டைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. சட்டத்தை மீறி ஓடும் வண்டியில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய், அங்கே மற்றப் பிள்ளைகளுக்கு ஒழுங்கைப் படிப்பிக்க எனக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த லைட்டுகளைப் பூட்டியவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். தயக்கம் அதனால்தான். அவர் எப்படிப்பட்டவர் என்று சொன்னால், கழற்றலாமா வேண்டாமா என்று நீங்களாவது யோசித்துச் சொல்லக்கூடும்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்கள் இன்னும் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் இருக்கிறார்கள். நாங்கள் அவரை லைட் மாமா என்று கூப்பிட்டோம்.

எங்கள் மேல் டிவிஷனிலிருந்து இறங்கும் தோட்டத்துப் பாதை பஸ் ரோட்டில் சேரும் இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. உயரமான, ஒல்லியான மனிதர். வெயில் அடித்தாலும் முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய உருவம் அல்ல, நடை. நாலைந்து எட்டு வைப்பார், நிற்பார், உடம்பு முழுவதையும் திருப்பிப் பின்னால் பார்ப்பார், பிறகு நடப்பார். கழுத்தை மட்டும் திருப்புகிற பழக்கம் அவரிடம் இல்லை. கொட்டகையிலிருந்து பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் போவதற்குள்ளும் ஒரு தடவை நின்று பார்ப்பார். நாங்கள் அவரைப் போலவே நடந்து காட்டி விளையாடியிருக்கிறோம். அதை அவர் பார்த்திருக்கிறார். கோபித்ததில்லை.

தேநீர்க் கடை அக்காவுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"திரும்பித் திரும்பிப் பாக்குறீங்களே, பின்னாடி என்னா பொண்டாட்டியா வருது?" என்பார்.

"வந்தா ஒங்களுக்கு நல்லதுதானே. ஒரு பிளேன் டீ கூட விக்கும்," என்பார் இவர். அவர் கல்யாணம் கட்டவில்லை.

பனிக் காலத்தில் மேல் டிவிஷன் பிள்ளைகளைப் பஸ் ரோட்டுக்குக் கூட்டிவருவது அவராகவே எடுத்துக்கொண்ட வேலை. விடிந்தும் விடியாததுமாக எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வந்து நிற்பார். தாய்மார் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போன பிறகு நாங்கள் புத்தகப் பையோடு வெளியே வருவோம். அவர் முன்னால், நாங்கள் பின்னால். எங்கள் பக்கத்துப் பனியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீட்டிய கையின் விரல் தெரியாது. பாதையின் ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். நாலைந்து எட்டுக்கு ஒரு தடவை நின்று, "எல்லாரும் வர்றீங்களா?" என்று கேட்பார். நாங்கள் ஒவ்வொருவராக "வர்றோம் மாமா" என்போம். எங்கள் எல்லோருடைய குரலும் வந்த பிறகும் அவர் உடனே நடக்க மாட்டார். இன்னும் ஒரு குரல் வர வேண்டியிருப்பது போல, தலையைச் சற்றுச் சாய்த்து நிற்பார். அப்புறம்தான் நடப்பார். அந்த நேரத்தில் நான் எனக்குப் பின்னால் பார்க்க மாட்டேன். வரிசையில் கடைசியாக வருவது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கிளார்க்காக இருந்தார். இல்லாததைச் சொல்கிறவர் அல்ல.

லைட் மாமா இளவயதில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கிளீனராக இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பனி இறங்கிவிட்டால் லொறியின் லைட்டை நம்பி ஓட்ட முடியாது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி வந்து டிரைவரின் கண்ணைத்தான் அடிக்கும். அதனால் கிளீனர் இறங்கி முன்னால் நடப்பார். முதுகில் ஒரு வெள்ளைச் சாக்கைப் போட்டுக்கொள்வார். டிரைவர் ரோட்டைப் பார்க்க மாட்டார், அந்தச் சாக்கை மட்டும் பார்த்து ஓட்டுவார். எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். கிளீனர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். திரும்பினால் சாக்கு மறைந்துவிடும், டிரைவருக்குக் கண் தெரியாமல் போய்விடும்.

ஒரு நாள் அந்திக் கொழுந்து ஏற்றிக்கொண்டு லொறி கீழே வந்திருக்கிறது. அப்பா ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். பனிக்குள்ளிருந்து சாக்கைப் போர்த்திக்கொண்டு இவர் வெளிப்பட்டிருக்கிறார். வாசலுக்கு வந்ததும், எப்போதும் செய்வது போல, முகத்தைத் திருப்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டி, "வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் வா, போதும் நிப்பாட்டு" என்று சைகை காட்டியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் பனி. கொழுந்து நிறுக்க நின்றிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து அப்பாவும் சிரித்தாராம். பிறகு யாரோ, "லொறி எங்கடா?" என்று கேட்டபோதுதான் அவர் திரும்பினாராம். அந்த இடத்துக்கு வந்ததும் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

லொறி மேல் வளைவில் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. வெளியே எறியப்பட்டு, சிதறிய கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில் விழுந்ததால் டிரைவர் பிழைத்தார், ஒரு கால் போயிற்று. நினைவு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "நான் சாக்கப் பாத்துதான் போனேன். சாக்கு நேராப் போச்சு."

"நான் வளைவுல திரும்பிட்டேண்ணே," என்றாராம் இவர்.

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கதை முடியவே இல்லை. அந்த டிரைவரை நானும் பார்த்திருக்கிறேன். கக்கத்தில் கட்டையோடு தேநீர்க் கடைக்கு வருவார். இருவருக்கும் பகை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மற்றவர்கள் "சௌக்கியமா" என்று கேட்கிற இடத்தில் டிரைவர், "சாக்கு நேராத்தான் போச்சு தம்பி" என்பார். "நான் திரும்பிட்டேண்ணே" என்பார் இவர். பிறகு இருவரும் மழையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு அவர் லொறிக்குப் போகவில்லை. பதுளையில் ஒரு வயரிங் கடையில் இருந்து வேலை கற்றுக்கொண்டு வந்து கொட்டகை போட்டார். தோட்டங்களில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிய காலம். மற்றவர்களும் லைட் பூட்டினார்கள். ஆனால் இவர் பூட்டுகிற லைட்டுக்குத் தனிப் பெயர் இருந்தது: ஆள் வச்ச லைட்.

அதைச் சொல்கிறேன். மஞ்சள் கண்ணாடி போட்ட இரண்டு லைட்டுகளை முன் சக்கரத்துக்கு இரு பக்கமும், எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, கிராஷ் பாரில் பூட்டுவார். பேட்டரியிலிருந்து டேங்குக்கு அடியில் வயர் இழுத்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, இடது கைப் பெருவிரலுக்கு எட்டுகிற மாதிரி சுவிட்ச் வைப்பார். இதுவரைக்கும் எல்லோரும் செய்வதுதான். கடைசியில் ஒரு மீன் டின்னை வெட்டி, விரல் நீளத்துக்கு ஒரு தகரம் எடுப்பார். மேல் பக்கம் சற்று உருண்டை, கீழே வரவர அகலம். அதை இடது பக்க லைட்டின் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு நட்டுப் போட்டு நிறுத்திவிடுவார். பனி இல்லாதபோது ஒன்றும் தெரியாது. பனியில் லைட்டைப் போட்டால், அந்தத் தகரத்தின் நிழல் பனியில் விழும். வண்டிக்குக் கொஞ்சம் முன்னால், பாதையின் இடது ஓரத்தில், சாக்குப் போர்த்திய ஒரு மனிதர் உங்களுக்கு முதுகைக் காட்டி நடப்பது போல இருக்கும்.

பார்க்கிற எவருக்கும் கை தானாக பிரேக்குக்குப் போகும். அதுதான் நோக்கம் என்று என் கணவர் சொல்வார். நல்ல மூளைக்கார மனுசன், ஆளைக் கண்டால் வேகம் குறையும்தானே என்பார். இருக்கலாம். லைட் மாமா என்னிடம் சொன்னது வேறு. பெரிய வகுப்புக்குப் போன பிறகு ஒரு தடவை அவரிடம் நேராகக் கேட்டேன், எதற்கு மாமா இந்த ஆள் என்று. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தார்.

"முன்னாடி போறது ஒன்னு இருக்கணும் பாப்பா. ஆனா அது தன்னிச்சையாப் போகக் கூடாது. இவன நட்டுப் போட்டு வச்சிருக்கேன். வண்டிய விட்டு எங்கயும் போக மாட்டான்."

எல்லோருக்கும் பிடிக்கும் என்றில்லை. இளந்தாரிகள், "அண்ணே, நமக்கு ஆளில்லாமக் குடுங்க, வேணும்னா ஒரு பொம்பளய வச்சுக் குடுங்க" என்பார்கள். அவர் சிரிப்பார், ஆனால் ஆள் வைக்காமல் கொடுக்க மாட்டார். எங்கள் டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த மருந்து கொடுப்பவருக்கு இந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை. லைட் பூட்டின மறுநாள் அவர் பனியில் மேல் டிவிஷனுக்கு ஏறியிருக்கிறார். முன்னால் ஒருவர் நடக்கிறார். ஹோர்ன் அடித்திருக்கிறார், ஒதுங்கவில்லை. மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக, வேகமாகப் போனால் அவரும் வேகமாக. மேலே வந்து சேர்ந்தபோது அந்த மனிதருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் தெரிந்ததையெல்லாம் திட்டித் தீர்த்திருக்கிறார். "காது கேக்காத மனுசன எல்லாம் தனியா விடுறீங்களே," என்று கங்காணியிடம் முறைப்பாடு வேறு. தோட்டமே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது.

அந்தக் கதையில் சிரிக்க முடியாத ஒரு துண்டும் இருக்கிறது. விஷயம் புரிந்த பிறகு அவர் லைட் மாமாவிடம் போய்க் கேட்டாராம்: நிழல் சரி, ஆனால் அந்த ஆள் வளைவுகளில் எனக்கு முன்பே திரும்பினானே, அது எப்படி? லைட் மாமா வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் நட்டை இன்னும் இறுக்கிக் கொடுத்தாராம்.

எங்கள் வண்டிக்கு அவர் லைட் பூட்டிய நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் மேல் டிவிஷனுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டோம். அப்போது நான் ஏழு மாத வயிற்றோடு இருந்தேன். அவர் வெறும் வண்டிக்கு லைட்டின் கோணம் பார்க்க மாட்டார். வழக்கமாக ஏறுகிறவர்கள் எல்லோரும் ஏறி உட்கார வேண்டும், அப்போதுதான் பாரத்துக்கு வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று தெரியும் என்பார். என் கணவரும் உட்கார்ந்தார், பின்னால் நானும் உட்கார்ந்தேன். லைட் மாமா எதிரே தகரச் சுவரில் சோக்கால் ஒரு கோடு கிழித்து, வெளிச்சம் அதற்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சிறு மணல் பையைக் கொண்டுவந்து டேங்கின் மேல் வைத்தார்.

"இது என்னாங்க?" என்றார் என் கணவர்.

"பின்னாடி பொறந்து ஏறப்போற ஆளுக்கும் சேத்துப் பாக்கணுமே."

எனக்கு அது பிடிக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு எதையும் முன்கூட்டி வாங்கக்கூட எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். அவர் அந்தப் பையை நிமிர்த்தி வைத்து, சாய்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு பையின் வாயை அவிழ்த்து ஒரு பிடி மணலை வெளியே எடுத்துப் போட்டார்.

"பொம்பளப் புள்ள. லேசாத்தான் இருக்கும்," என்றார்.

மகள் எடை குறைவாகப் பிறந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த நாட்களில், அந்த ஒரு பிடி மணலை நான் நினைக்காத நேரம் இல்லை. படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று எனக்கே தோன்றும். என் உடம்பைப் பார்த்து, நான் வாடியிருந்ததைப் பார்த்து, ஊகித்துச் சொல்லியிருப்பார். பத்துப் பேருக்குச் சொன்னால் பாதிப் பேருக்குச் சரியாக வரும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

லைட் மாமாவின் உயிர் பனியில் போகவில்லை. நல்ல வெயில் காலத்தில், நடுப்பகலில், கொட்டகையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். முகம் பின்பக்கத் தகரச் சுவரை நோக்கித் திரும்பியிருந்தது என்று தேநீர்க் கடை அக்கா சொன்னார். பிள்ளை இல்லாததால் தம்பி மகன்தான் கொழும்பிலிருந்து வந்து காரியம் செய்தார். மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே நடந்ததை என் கணவர் வந்து சொன்னார்.

குழி மூடி, குடம் உடைத்த பிறகு காரியம் செய்தவர் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பார்த்தால் போனவரும் கூடவே வந்துவிடுவார் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அந்தத் தம்பி மகன் நாலைந்து எட்டு வைத்தாராம். நின்றாராம். உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தாராம். பெரியவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் மறுபடியும் நாலைந்து எட்டு வைத்து, மறுபடியும் நின்று பார்த்தாராம். லயம் வரைக்கும் அப்படியே வந்திருக்கிறார். வாசலில் ஒரு மூத்தவர் அவரைப் பிடித்து உலுக்கி, "ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டபோது, அந்த மனிதர் அழுதுவிட்டாராம்.

"பெரியப்பாதான் என்னய வளத்தாரு. பின்னாடி வர்றவங்களப் பாக்காம நடக்காதன்னு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. நான் என்னா செய்ய?"

அன்றைக்கு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். என் அம்மா மட்டும், கட்டி என்ன புண்ணியம், கூட்டிக்கொண்டு வந்தாயிற்றே என்றார்.

இவ்வளவையும் என் மகளுக்கு நான் சொன்னதே இல்லை. பிள்ளையைப் பயமுறுத்தும் கதைகள் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் பனிக் காலம் தொடங்கி அவள் வண்டியில் வர ஆரம்பித்ததும், முன்னால் போகிறவரை அவளாகவே கண்டுகொண்டாள். ஆளு மாமா என்று பெயரும் வைத்தாள். காலையில் லைட்டைப் போட்டதும் "குட் மோர்னிங்" சொல்வாள். பஸ் ரோட்டுக்கு வந்து பனி கலைகிற இடத்தில் டாட்டா காட்டுவாள். பனி முடிந்தால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்பது அவளுடைய எண்ணம். கணவர் தகரத்தைக் காட்டி விளக்கிச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது மாமாவோட சட்டை என்றாள். எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. எனக்கும்.

போன மாதம் ஒரு காலை, நர்சரி வாசலில் ஹெல்மட்டைக் கழற்றும்போது சொன்னாள்:

"அம்மா, ஆளு மாமா இன்னைக்குத் திரும்பிப் பாத்தாரு."

நான் அவளுடைய தலைமுடியைச் சரிசெய்துகொண்டே கேட்டேன், நம்மையா பார்த்தார் என்று.

"நம்மள இல்ல. ஒங்களுக்குப் பின்னாடி."

வண்டியில் எனக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சீட்டின் கடைசியில்தான் நான் உட்காருகிறேன். அன்று பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. மாலையில் கணவர் லைட்டைப் பார்த்தார். தகரத்தில் ஒரு நட்டுத் தளர்ந்திருந்தது. வண்டி குலுங்கும்போது தகரம் சுழன்று நிழல் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். இறுக்கினார். அடுத்த நாள் மகள், மாமா இப்போது பார்ப்பதே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல ஆசை. நிழல் சுழன்றதற்குக் காரணம் கிடைத்தது. எனக்குப் பின்னால் என்று அவள் ஏன் சொன்னாள் என்பதற்குக் கிடைக்கவில்லை.

அதனால் பொலிஸார் கழற்றச் சொன்னபோது என் மனதின் ஒரு பாதி சந்தோஷப்பட்டது. சட்டமே சொல்லிவிட்டது, இனி நான் முடிவெடுக்க வேண்டியதில்லை. மறு பாதி அந்தப் பாதையை நினைத்தது. தனி ஹெட்லைட்டில் பனிக்குள் போவது சுவருக்குள் போவது மாதிரி. மேல் டிவிஷனுக்குப் பஸ் கிடையாது. நடந்து இறங்கலாம் என்றால் அட்டை, மழை, மகளின் நெஞ்சுச் சளி. கணவர், முழுதாகக் கழற்றும் முன் ஒரு நாள் பியூஸை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம் என்றார். பியூஸை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அது நேற்றுக் காலை. பனி அடர்த்தியாக இருந்தது. முன்னால் யாரும் இல்லை. வெள்ளையாக ஒரு சுவர், அதற்குள் நாங்கள். கணவர் காலால் நிலத்தைத் தடவித் தடவி ஓட்டினார். பின்னால் தூரத்தில் ஓர் ஆட்டோவின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது எங்களை முந்தவும் இல்லை, நெருங்கவும் இல்லை. எப்படியோ ஹாலிஎலவுக்கு வந்து சேர்ந்தோம்.

சந்தியில் அந்த ஆட்டோ எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. தெரிந்த பையன்தான், கீழ் டிவிஷன்.

"யாருங்க டீச்சர் ஒங்க பின்னாடி நடந்து வந்தது? இந்தப் பனியில வழி நெடுக வந்தாரே. அவர இடிச்சிரக் கூடாதேன்னுதான் நான் மெதுவா வந்தேன்."

கணவர் சிரித்தார். உன் லைட் எங்கள் மேல் பட்டு, எங்கள் நிழல் பனியில் விழுந்திருக்கிறது என்று கையால் காட்டி விளக்கினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பையன் தலையைச் சொறிந்தான்.

"இருக்கும்ங்கண்ணே. ஆனா மேல் வளைவுல நான் ஹோர்ன் அடிச்சேன். ஓரமா ஒதுங்கி எனக்கு வழி விட்டாரே."

கணவர் அதற்கும் ஏதோ சொன்னார். நான் மகளைப் பார்த்தேன். அவள் அவனுடைய ஆட்டோவுக்குப் பின்னால், நாங்கள் வந்த பாதையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று விடுமுறை. கணவர் ஸ்பேனரை எடுத்து வைத்துவிட்டு என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கழற்றவா என்று. பியூஸ் இன்னும் என் பையில் இருக்கிறது. லைட் எரிந்தால் அவர் முன்னால், தகரத்தில், நட்டுக்குள் இருக்கிறார். சட்டத்துக்கு அது தப்பு. அணைத்தால் அவர் எங்கே நடப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரை அப்போது பிடித்து வைக்க நட்டு எதுவும் இல்லை. எங்களைக் காக்க லைட் மாமாதான் வருகிறாரா, சாக்குப் போர்த்தி அந்த லொறி டிரைவரைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போன மற்றவரா வருவது என்பதும் தெரியவில்லை. இரண்டும் என் கற்பனை என்று நீங்கள் சொல்லலாம். அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பிள்ளையை ஏற்றிக்கொண்டு பனிப் பாதையில் போய்வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். லைட்டை என்ன செய்வதென்று கூட நாங்கள் எப்படியாவது தீர்மானித்துக்கொள்வோம். எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. நாளைக் காலை மூன்று பேரும் ஏறியதும், கடைசியில் உட்காருகிறவள் நான். வழியில் நான் திரும்பிப் பார்க்கலாமா, கூடாதா?